லண்டன் சொன்னதாம்

அந்த வருஷம் லண்டன் வானொலிக்காரருக்கு என்ன பிடித்ததோ, எல்லாவற்றையும் மாற்றினார்கள். நாங்கள் பழகிய செய்தி வாசிப்பாளர் ஒருநாள் சத்தமில்லாமல் போனார். அவருடைய இடத்தில் மூக்கடைத்த குரலில் ஒருவர் வந்தார். பிறகு தமிழ்ச் செய்தியின் நேரத்தை மாற்றினார்கள். கனடாவில், ஸ்காபரோவில் ரேடியோவைத் திருகிக்கொண்டு கிடக்கிற சனத்தை யார் கேட்டார்கள்? ஆசியாவுக்கு அனுப்புகிற ஒலியில் இங்கே சிந்தியதைத்தான் நாங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

பொறுக்கியது எங்கள் கட்டடத்து ஏழாம் மாடி அண்ணையின் வீட்டில். சிற்றலை ரேடியோ அவரிடம்தான் இருந்தது. பால்கனிக் கம்பியில் ஒரு செப்புக் கம்பியை உடுப்புக் காயப்போடுகிற கொடிபோலக் கட்டியிருந்தார். காலையில் பத்துப் பேராவது அங்கே கூடுவோம். அண்ணை தேத்தண்ணி தருவார். ஊரில் எந்தப் பக்கம் என்ன சொன்னாலும் நாங்கள் நம்பமாட்டோம். லண்டன் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

நேரம் மாறியதும் எனக்கு இடி விழுந்தது. செய்தி வருகிற நேரத்தில் நான் மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில், பக்டரியில், பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மா சண்டை நடக்கிற வன்னியில் தனியே இருந்தார். கேட்காமல் எப்படி இருப்பது? சாப்பாட்டு இடைவேளையில் அங்கிருந்த போனில் காசு போட்டு அண்ணையைக் கூப்பிடுவேன்.

"அலைவரிசையையும் மாத்திப்போட்டாங்கள், பிள்ளை," என்றார் ஒருநாள். "நான் விடுவனே? தேடிப் பிடிச்சிட்டன்."

உங்களுக்குக் கோடி புண்ணியம் அண்ணை என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அந்த ஆவணியில் வவுனியாவிலிருந்து ஒரு போன். அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெடியன். சாமான் வாங்க வந்தவன், திரும்பிப் போய்த் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு காட்டுப்பாதையால் வவுனியாவுக்கு வரப்போகிறானாம். பெரும்பாதை சண்டையால் பூட்டிக் கிடந்தது. "அன்ரியையும் கூட்டிக்கொண்டு வரட்டோ, அக்கா? நாளைக்குச் சொல்லுங்கோ."

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். காட்டுக்குள் நடப்பது லேசான வேலையில்லை. அடுத்த நாள் அண்ணையைக் கூப்பிட்டேன். "அண்ணை, பாதையைப் பற்றி லண்டன் என்ன சொன்னது?"

"திறக்கப் போறாங்களாம். பேச்சு நடக்குதாம். அந்தரப்படாதை, கொம்மா பஸ்ஸில இருந்து வருவா."

"லண்டனே சொன்னது?"

"ஓம், லண்டன்தான்."

நான் பெடியனுக்குச் சொன்னேன்: அம்மா நிற்கட்டும், பாதை திறந்ததும் வரட்டும். அவன் தன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தான். பாதை திறக்கவில்லை. மார்கழியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்தில்லை. செய்தி எனக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கை இங்கே, எங்கள் வீட்டு ஹோலில்தான் செய்தோம். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு வரிசையாகப் பாய் விரித்தோம். கட்டடத்துச் சனமெல்லாம் வந்து வாழையிலைக்கு முன்னால் இருந்தது. அண்ணையும் இருந்தார். நான் இரண்டாம் முறை பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கேட்டார்கள்: "என்ன அண்ணை, உங்கட லண்டன் இண்டைக்கு என்ன சொல்லுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. ஏன் சிரிக்கிறீர்கள் என்று பக்கத்தில் இருந்த எங்கள் மாடி அன்ரியைக் கேட்டேன்.

"உமக்குத் தெரியாதே? அலைவரிசை மாத்தின நாள்ல இருந்து அந்த ரேடியோவில வெறும் இரைச்சல்தானே! இவர் தன்ர பாட்டுக்கு லண்டன் இப்பிடிச் சொல்லும், அப்பிடிச் சொல்லும் எண்டு அளப்பார். நாங்கள் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு வருவம்."

இத்தனை பேருக்கும் தெரியும். மாதக்கணக்காகத் தெரியும். லிப்டில் கண்டபோது, பிளாசாவில் மீன் வாங்கும்போது, பஸ் தரிப்பில் குளிரில் நின்றபோது ஒரு நாய்கூட எனக்குச் சொல்லவில்லை. லண்டன்காரன் கைவிட்டது போகட்டும், அவனுக்கு என்னைத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

"நீ ஒவ்வொரு நாளும் அழுதழுது கேட்டாய், பிள்ளை," என்றார் அண்ணை. கை வழித்த இலையில் இருந்தது. "நல்லதாச் சொல்லுவம் எண்டுதான்..."

"நான் நல்லது கேக்கேல்லை அண்ணை. லண்டன் என்ன சொன்னது எண்டுதான் கேட்டனான்."

பிறகு அன்ரி என் முழங்கையை மெல்லத் தட்டினார். "சரி விடும், சாப்பிடுற நேரம். பாரும், அண்ணையின்ர இலை வெறுமையாக் கிடக்கு. கொஞ்சம் சோறு போடும்."

அது அம்மாவுக்குப் படைத்த சோறு.

"போடமாட்டன்," என்றேன்.