ஒரே நேரத்தில் எரியும் விளக்குகள்

பிள்ளைகளே, இந்தத் தூத்துக்குடிக் கடைக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் ஸ்விட்சைத் தட்டி, எரிகிற பல்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார்கள். ஆளே இல்லாத சரக்குக் கிட்டங்கியிலும் அந்நேரத்துக்கு விளக்கு எரிந்தாக வேண்டும். நம் கொழும்பில் வெற்று அறையில் விளக்கெரிந்தால் எங்கள் கம்பெனித் துரை மாடியேறி வந்து கத்துவார்.

இங்கே துறைமுகத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சி ஒருவர் கட்டிய கடைக்கட்டடத்துக்கு வயரிங் முடித்ததும், தீபாவளிக்குத் தோணியேறி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கட்டடம் முழுவதற்கும் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மெயின் ஒயரின் பருமனை முடிவு செய்ய வேண்டும். கொழும்புக் கோட்டையில் துரை சொல்லித் தந்த முறை இது: எல்லா விளக்கையும் விசிறியையும் கூட்டு, பிறகு ஒரு பங்கைக் கழி. எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடமாட்டார்கள். குமாஸ்தாக்கள் வேலை பார்க்கும் கோட்டைக் கந்தோர்களில் ஒருநாளும் போட்டதில்லை. அதே கணக்கை இங்கே போட்டேன்.

திறப்பு நாளன்று வெயில் இறங்கியதும் எல்லாக் கடையிலும் எல்லா ஸ்விட்சும் சேர்ந்தே விழுந்தன. கும்பிட்ட கை இறங்குவதற்குள் கட்டடமே இருட்டு.

"என்னவே, வந்த லெச்சுமி வாசலோட போயிட்டாளா?" என்றார் அண்ணாச்சி.

"ஃபியூஸ்தான் போனது. ஒரு கடை போட்ட பிறகு அடுத்த கடை போட்டால் என்ன?" என்றேன்.

ஜவுளிக்கடைக்காரர் சிரித்தார். "அரிசிக்கடைக்காரர் லெச்சுமிய முதல்ல வாங்கிகிட்டு, மிச்சம் மீதிய எனக்கு அனுப்புவாராக்கும்."

"அனுப்புததுக்கு அவ என்ன என் மதினியா?" என்றார் அரிசிக்கடைக்காரர். இரண்டாவதாக விளக்குப் போட ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார். "கொழும்புல உமக்குக் கழிக்கச் சொல்லிக் குடுத்திருக்காவ. இங்கன கூட்டும்வே, போதும்."

கூட்டினேன். அந்தக் கணக்குக்கு வேண்டிய தடித்த ஒயர் மதராஸிலிருந்து வரவேண்டும், தீபாவளிக்குள் வராது. அதை மாட்டாமல் அனுப்பமாட்டேன் என்கிறார் அண்ணாச்சி. கோபம் ஒன்றும் இல்லை. பண்டிகைச் சாப்பாடு தன் வீட்டில்தான் என்றும் சொல்லிவிட்டார்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பயணத்துக்கு அடுக்கியிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் வேட்டி சட்டைகளை மட்டும் எடுத்துக் கொடியில் போட்டேன். உங்களுக்கு வாங்கிய துணிகளை அப்படியே விட்டு, பாதி காலியான பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.