லான்ஸ்டவுனில் ஒரு யப்பானிய டீஜேயும் என் மச்சானின் தொலைபேசி இலக்கமும்

அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்ற பத்து நிமிடத்தில் மூன்று கார்களுக்கு நான் தரிப்பிடம் காட்டிவிட்டேன். யாரும் என்னை அந்த வேலைக்கு வைக்கவில்லை. பிறம்ரனில் காலை ஓவர்டைம் முடித்து நேராக வந்ததில், களஞ்சியத்தில் போடும் செம்மஞ்சள் மேற்சட்டையைக் கழற்ற மறந்துபோனேன். முதல் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி "எங்கே விடுவது?" என்று கேட்டார். கேட்ட மரியாதைக்கு நானும் கையை நீட்டினேன். மற்ற இரண்டு கார்களும் அந்தக் கையை நம்பி வந்தவை.

"அப்பா, ப்ளீஸ், அதைக் கழட்டுங்கோ. எல்லாரும் பாக்கினம்," என்றாள் மகள் ஆரணி.

"பாக்கட்டும். ஆக்களுக்கு உதவிதானே செய்யிறன்."

"அது பயர் ரூட் அப்பா! தீயணைப்பு வண்டி வாற பாதை, அதில கார் விடேலாது!"

கழற்றிவிட்டேன். கார்களின் கதி என்னவாயிற்று என்று தெரியாது. உரிமையாளர்கள் இதை வாசித்தால் மன்னிக்கவும்.

இலங்கையில் யுத்தம் முடிந்த இந்த வருடத்தின் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை அது. எமிக்கோ என்ற யப்பானியப் பெண் ரொறன்ரோவுக்கு வந்திருந்தார். கணினியிலும் சின்னச் சின்னப் பெட்டிகளிலும் இசை செய்து, மேடையில் அதைத் தானே கலந்து போடுகிறவர். ஞாயிறு பின்னேரம் பூங்காவில் அவருடைய நிகழ்ச்சி. அதற்கு முதல்நாள் எட்டு இளம் ஆட்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசிக்கவிட்டுக் கேட்பார். ஒருவரைத் தெரிந்தெடுத்து, ஞாயிறு தனக்கு முன்னால் மேடை ஏற்றுவார். அந்த எட்டுப் பேரில் ஆரணியும் ஒருத்தி. பதினெட்டு வயது. படிப்பை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் செய்யப்போகிறேன் என்று நிற்கிறாள். இது ஒரு தொழிலா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் நான் புறப்பட்டேன்.

வீட்டில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. என் மனைவி ராஜியின் தம்பி குமரன் வன்னிக்குள் இருந்தவன். தை மாதத்துக்குப் பிறகு தொடர்பில்லை. மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. முகாமுக்கு வந்த எவரும் அவனைக் கண்டதாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, ராஜியின் கட்டளைப்படி, எங்கள் வீட்டில் பாட்டு இல்லை. ரேடியோ இல்லை. காரில்கூட இல்லை. செத்தவீடு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வோம், பிறகு மெல்ல ரேடியோவைத் திருகலாம். இது செத்தவீடு என்று யார் சொல்வது? சொல்லாமல் எப்படி அந்தியேட்டி செய்வது? ஆகவே எங்கள் வீட்டு மௌனத்துக்கு முடிவுநாள் கிடையாது.

வெள்ளிக்கிழமை நான் விசயத்தை மெல்ல எடுத்தேன்.

"கூட்டிக்கொண்டு போறதெண்டா போங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் ராஜி.

"அது ஓமோ, இல்லையோ?"

"ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொன்னன்."

இருபது வருடம் குடும்பம் நடத்தியும் இந்தப் பதிலை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை. ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

வழி சொல்கிறேன். பிறம்ரனில் இருந்து கிப்ளிங் சுரங்க ரயில் நிலையத்துக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். காரை அங்கே விடுங்கள், நகருக்குள் கொண்டுபோய் அவதிப்படவேண்டாம். நாள் முழுவதற்குமான பயணச்சீட்டு ஒன்பது டொலர். சனி, ஞாயிறில் ஒரே சீட்டில் குடும்பமே போகலாம். இதை அறியாமல் எத்தனை வருடம் ஆளுக்கொரு சீட்டு எடுத்தேன் என்று கேட்காதீர்கள். லான்ஸ்டவுனில் இறங்கித் தெற்கே பன்னிரண்டு நிமிட நடை. முந்தித் தொழிற்சாலையாக இருந்த செங்கல் கட்டடம். உள்ளே வெளிச்சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று பலகை போட்டிருந்தது. என் பைக்குள் இருந்த ஆட்டிறைச்சி றோல்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எமிக்கோவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரைக் குட்டையாக வெட்டி, கறுத்தச் சேட்டும் சாதாரணச் சப்பாத்துமாக இருந்தார். முதலில் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். எந்தப் பெட்டி, எந்த மென்பொருள் என்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைத் தூக்கினேன். பக்கத்தில் ஆரணி தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று என்னுடைய ஆங்கிலத்தில் கேட்டேன்.

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார்.

ஒசாக்காவில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தாராம். பெல்ற்றில் வரும் பெட்டியின் மூலையில் ஊறுகாய் வைப்பது அவருடைய பங்கு. இருந்தது ஒற்றை அறை, மட்டை மாதிரிச் சுவர். பக்கத்து அறைக் கிழவர் இரவு வேலை செய்து பகலில் தூங்குகிறவர். ஆகவே ஒலிபெருக்கி வாங்கவே இல்லை, எல்லாம் ஹெட்போனுக்குள். தான் செய்த இசை ஓர் அறையில் எப்படி ஒலிக்கும் என்பதே முதல்தடவை மேடை ஏறியபோதுதான் அவருக்குத் தெரிந்ததாம். அந்த மேடைக்கு முன்னால் நின்றவர் கிளாஸ் கழுவுகிற ஒருவர் மட்டும். சனம் வருமுன் முதல் மணித்தியாலம் போடுகிற டீஜேயாகவே வருடங்கள் போயின. சொந்தச் செலவில் அடித்த முதல் இசைத்தட்டில் பாதிக்கு மேல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மிச்சத்தில் ஒன்று எப்படியோ பெர்லின் போய்ச் சேர, அங்கிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருடம் அங்கே இருந்தார். திரும்பி வந்து, தன்னைப்போன்றவர்களின் இசையை வெளியிடச் சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கினார். இப்போது வருடத்தில் பாதி விமானத்தில்.

"இன்றைக்கும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ஊறுகாய் சரியான மூலையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்," என்றார்.

"நானும் பெல்ற்றில்தான் நிற்கிறேன்," என்றேன். இந்தமுறை அவரும் சிரித்தார்.

ஆரணி ஆறாவதாக வாசித்தாள். அவள் ஏதோ செய்கிறாள் என்று தெரியுமே தவிர, வீட்டில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த மூன்று மாதமும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தாள். தாயின் கட்டளையை மீறவும் இல்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. முதலில் மழை மாதிரி ஒரு சத்தம். பிறகு கீச், கீச் என்று சின்ன மணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில். நல்ல மெட்டாக இருக்கிறதே என்று தலையை ஆட்டத் தொடங்கியவன், மூன்றாவது தரம் அது திரும்பி வந்தபோது நிறுத்திவிட்டேன். அந்த மெட்டு எனக்குத் தெரியும். குசினியில் ராஜி காலையும் மாலையும் போன் கார்ட் போட்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்துகிற மெட்டு. குமரனின் இலக்கம்.

ஒரு சத்தம் குறைந்தது. கடைசி இலக்கம் ஏழு. அது வரவேண்டிய இடத்தில் ஒவ்வொரு தரமும் பாட்டு முதலுக்குத் திரும்பிற்று. என் பெருவிரல் மடியில் தன்பாட்டில் அழுத்திக்கொண்டது.

எமிக்கோ அது என்ன மெட்டு என்று கேட்டார். மாமாவின் தொலைபேசி இலக்கம் என்றாள் ஆரணி. அழைத்தால் அவர் எடுப்பாரா என்று எமிக்கோ கேட்டார். தெரியாது என்றாள். எட்டுப் பேரும் முடித்தபின் எமிக்கோ எங்களிடம் நடந்து வந்து, நாளைக்கு நீதான் என்றார். என் பெண் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "அம்மாவைக் கேட்கவேண்டும்," என்றாள். காலை பத்து மணிக்குள் சொல்லச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் றோல்ஸ் பெட்டியை நீட்டினேன். நின்ற நிலையிலேயே இரண்டு சாப்பிட்டார்.

ரயிலில் மெல்லக் கேட்டேன். "கடைசி ஏழு எங்கை பிள்ளை?"

"அதை அடிச்சா, இந்த இலக்கம் பாவனையில இல்லையெண்டு அந்த ரெக்கோட் பொம்பிளை வந்து கதைப்பா அப்பா. மூண்டு பாசையிலயும். அடிக்காட்டில் வரமாட்டா."



வீட்டில் ஆரணி ஒன்றும் விளக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றித் தாயின் தலையில் மாட்டினாள். ராஜி வெங்காயம் வெட்டிய கையோடு குசினியில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கத்தியை வைத்தாள். கண்ணை மூடினாள். பிறகு, ஹெட்போன் போட்டவர்கள் கத்துவதுபோலப் பெரிய குரலில், "ஏழு!" என்றாள்.



"ஏழை விட்டுட்டாய்! ஒரு இலக்கம் குறைஞ்சா அவனுக்கு எப்பிடியடி போகும்?"

"தெரியும் அம்மா. வேணுமெண்டுதான்..."

"என்ன வேணுமெண்டு? பாதியில வைக்கிறதுக்கோ நான் இவ்வளவு நாளும் அடிச்சனான்? நாளைக்குச் சரியா அடி."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். ஆரணி எமிக்கோவுக்கு அப்போதே மின்னஞ்சல் அனுப்பினாள்.

ஞாயிறு ராஜி வரமாட்டேன் என்றாள். நான் காருக்குப் போனபோது முன் இருக்கையில் பெல்ற் போட்டுக்கொண்டு இருந்தாள்.

பிள்ளைகளை இப்படியான இடங்களுக்குக் கூட்டிப்போகும் பெற்றோருக்குச் சில சொல்லவேண்டும். காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள், ஒலிபெருக்கிக்கு நேரே நின்று வீரம் காட்டவேண்டாம். பூங்காவில் தண்ணீர் மூன்று டொலர், வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள், பிள்ளைகள் வெட்கப்பட்டால் அது அவர்கள் பாடு. இது தொழிலா என்று கேட்டால், தொழில்தான். ஆனால் பதினொரு வருடம் ஊறுகாய் வைக்கிற மனம் வேண்டும். என் மகளுக்கு அது இருக்கிறதா என்று தெரியாது. ஒரு வருடம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போடும் மேற்சட்டையைக் காரிலேயே விடுங்கள்.

அன்று பின்னேரம் ஆரணி வாசித்தபோது சனம் புல்லில் இருந்தும் நின்றும் கேட்டது. ராஜி என் கையைப் பிடித்திருந்தாள், விரலால் என் உள்ளங்கையில் இலக்கங்களை அழுத்திக்கொண்டு. கடைசித் தரம் ஏழும் வந்தது. உடனே எல்லாவற்றையும் ஆரணி நிறுத்திவிட்டாள். மழை இல்லை, மணி இல்லை, அந்தப் பொம்பிளையும் வரவில்லை. பூங்கா முழுக்க ஒரு நிமிடம் சும்மா நின்றது.

என் வாய் திறந்துவிட்டது. "ஹலோ, மச்சான்" என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. சத்தமாகச் சொல்லவில்லை.