சப்பாத்தி வரிசை

எங்கள் கம்பெனி டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸம்மா ஆட்சி. வருடாந்திர மெடிக்கலில் என் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே டாக்டர் சொன்னார்: "மூணு மாசம் ஃபோர்க்லிஃப்ட் தொடக் கூடாது. சுகர் இறங்கினா பாக்கலாம்."

வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து. எடை தொண்ணூற்று நாலு.

"இறங்கலேன்னா?"

"பர்மிட் கேன்சல்."

அந்தப் பர்மிட் சட்டையில் குத்துகிற ஒரு அட்டை, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்றுவிட்டுக் கம்பெனிக்குள் வந்த எங்களுக்குக் கொடுத்த வேலை புல் வெட்டுவதும் கேட்டில் நிற்பதும். புல் வெட்டிக்கொண்டிருந்த நான், பெட்டி தூக்கும் அந்த வண்டியை ஓட்டக் கற்று அந்த சீட்டில் உட்கார ஐந்து வருடம் ஆனது. சீட்டில் இருந்து ஹார்ன் அடித்தால் மேனேஜரும் ஒதுங்குவான். எனக்கு ஊரிலோ வீட்டிலோ வேறு யாரும் ஒதுங்கியதில்லை.

என்னோடு இன்னொருவனையும் சுகருக்காக வண்டியிலிருந்து இறக்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் நாலு பேரோடு வாடகைக்கு இருந்தான். எடை என்னைவிடக் குறைவு, உயரம் அதைவிடக் குறைவு, அதனால் அகலமாகத் தெரிவான். இரண்டு பேரிடமும் ஹேண்ட் பேலட்டைக் கொடுத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் தூக்குகிற அதே பெட்டிகளை மனுஷன் கையால் இழுக்கிற வண்டி அது. ஷிஃப்ட் முழுக்க இழுக்க வேண்டும். எங்கள் சீட்டில் உட்கார்ந்த புதுப் பையன்கள் எங்களைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள். ஒதுங்கினோம்.

டாக்டர் ஆளுக்கு ஒரு மாத்திரைச் சீட்டும், என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு இங்கிலீஷ் பேப்பரும் கொடுத்தார். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஓட்ஸ். ஆலிவ் ஆயில். ப்ராக்கோலி. ப்ராக்கோலின்னா என்னவே?"

"பூச்சி மருந்து பேரு மாதிரி கீது."

"அதக் குடிச்சா சுகர் மட்டுமா இறங்கும், ஆளே இறங்கிருவான்."

மாத்திரையை மட்டும் ஒழுங்காக வாங்கிப் போட்டோம். பேப்பரை அவன் அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு அடியில் விரித்தார்கள்.

எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் சுகர் வந்தவன் சோற்றை விட்டுவிட்டு சப்பாத்தி தின்ன வேண்டும். இதை எந்த டாக்டர் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் சப்பாத்திக்குத் தனி வரிசை இருந்தது. வடக்கிலிருந்து வந்த இன்ஜினீயர்களுக்காகப் போட்டது. அவர்களுக்குப் பின்னால் சுகர்காரர்கள் நிற்பார்கள். அந்த வரிசையில் ஒரு தமிழன் நின்றால் அவன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தட்டு கழுவுகிறவர் வரைக்கும் தெரிந்துவிடும். நாங்கள் தலையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றோம். மருந்து சாப்பிடுகிறவனுக்கு என்ன வெட்கம்?

மருந்துதானே என்று ஆளுக்கு எட்டு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. சப்பாத்தி தொண்டையில் நிற்கிறதென்று கடைசியில் கொஞ்சம் தயிர் சாதம். ராத்திரி வீட்டிலும் சப்பாத்திதான். என் பெண்சாதி மாவு பிசைந்து பிசைந்து மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

எடை பார்க்க நாங்கள் எங்கேயும் போகவில்லை. டிஸ்பாட்ச்சில் பெட்டிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடை இருந்தது. அதில் அரைக் கிலோவுக்குக் குறைந்த கணக்கே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவராக ஏறி நிற்போம், மற்றவன் நம்பரைச் சத்தமாகப் படிப்பான். ஒரு மாதம் சப்பாத்தி தின்று முடித்து நான் ஏறினேன்.

"தொண்ணூத்தாறு," என்றான்.

"காலை வெச்சிகினு கீறியா மேலே?"

"நா இங்கன நிக்கேன். இறங்கும்வே, மேடை அழுவுது."

அவன் ஏறினான். அவனுக்கும் ஒன்றரைக் கிலோ கூடுதல். டிஸ்பாட்ச் பையன்கள் பெட்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரை அவன் முதுகில் ஒட்டினார்கள். 'கவனமாகக் கையாளவும்' என்று இருந்தது.

கோபத்தோடு நர்ஸம்மாவிடம் போனேன். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், எதற்கும் அசராதவர்.

"சோத்தையே தொடலம்மா. சப்பாத்திதான்."

"எத்தனை?"

"எட்டு."

அவர் ஊசி டப்பாவை மூடி வைத்தார். "அரிசிய வுட்டுட்டு கோதுமைய அள்ளித் துன்னா, சுகருக்கு அது இன்னா சொந்தக்காரன்னு வுட்டுடுமா? ரெண்டு துன்னு. தட்டுல பாதிக்குக் காய வையி. சோறு வேணும்னா ஒரு கரண்டி. டீயில சக்கரை போடாத. நட. மாத்திரைய நீயா நிறுத்தாத. இதுக்கு இங்கிலீஷ் பேப்பர் வேணுமா?"

அதில் டீதான் பெரிய சண்டையானது. கேன்டீன் டீ அண்டாவிலேயே சர்க்கரை போட்டு வரும். தனியாக வேண்டுமென்றதற்குக் கான்ட்ராக்டர் சொன்னான், "ரெண்டு பேருக்காக ஒரு அண்டாவா? வூட்லேர்ந்து கொண்டாங்க." நான் டம்ளரை அவன் மேஜையில் கவிழ்த்தேன். எனக்குத் தெரிந்த மனு அதுதான். சூப்பர்வைசர் வந்தார், மெமோ என்று மிரட்டினார். கடைசியில் சர்க்கரை போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன கேனில் பிடித்து வைப்பதென்று முடிவானது.

இரண்டு பேருக்கென்று வைத்த கேன் முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் காலி. அடுத்த நாளும் அப்படியே. மறைவாக நின்று பார்த்தோம். லைனிலிருந்து, ஸ்டோர்ஸிலிருந்து, பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒவ்வொருவனாக வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டு போனான். மெமோ மிரட்டல் விட்ட சூப்பர்வைசரும் வந்தார். எங்களை வண்டியிலிருந்து இறக்கியதைப் பார்த்தபிறகு அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் சுகரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மெடிக்கல் வைத்து நோயைக் கண்டுபிடிப்பதாகக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் எழுதியிருந்தது. அதை ஒளிக்கத்தான் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தது.

ஒருவனை ஒருவன் உற்சாகப்படுத்துவது என்பதை இப்போது தட்டிக்கொடுப்பதும் கை தட்டுவதுமாக நினைக்கிறார்கள். எங்களுக்கு அது வரவில்லை. தப்பாக எதையாவது தின்று மாட்டினால், மாட்டியவனை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டலாம், அவன் பதில் பேசக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். ஆயுத பூஜைக்கு ஃபோர்க்லிஃப்ட்டுகளுக்கு மாலை போட்டு, கேசரி கொடுத்தார்கள். என் பழைய வண்டிக்கு வேறொருவன் பொட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டு, ரேக்குக்குப் பின்னால் போய் மூன்று கப் தின்றேன். திருநெல்வேலிக்காரன் கையும் கப்புமாகப் பிடித்தான்.

"நல்லா தின்னும்வே. வண்டி கிடைக்கலேன்னா என்ன, அதுக்கு வச்ச கேசரியாவது கிடைச்சுதே."

என் அப்பன்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. பதில் பேசவில்லை. அதற்கப்புறம் கேசரியும் இல்லை.

அவன் ஊருக்குப் போய்வந்த அறைக்காரர்கள் அல்வா கொண்டுவந்த வாரம் எனக்கு நல்ல வாரம். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள் என்றான். "கோச்சிக்கட்டும்யா. ஒன் கால எடுத்தா அவனுங்களா தூக்கினு நடப்பானுங்க?" என்றேன், லாக்கர் ரூமில் இருபது பேர் நடுவில். அன்றைக்கு என்னோடு பேசாமல் நடந்தான். ஆனால் நடந்தான். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஹைவே வரைக்கும் இருவரும் தினமும் நடந்தோம். வாய் எப்போதும் சண்டையில் இருந்ததால் தூரம் தெரியவில்லை.

மூன்றாவது மாதம் முடிந்தது. எனக்கு எடை எண்பத்தாறு, சுகர் நூற்றுப் பதினெட்டு. அவனும் ஆறு கிலோ இறங்கியிருந்தான். சுகர் மட்டும் நூற்று ஐம்பத்திரண்டில் நின்றது.

டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். "டயட் சார்ட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணியிருக்கீங்க."

"மூணு மாசம் வண்டி இழுத்தோம் சார்," என்றான் அவன். "அதயும் சார்ட்டுல சேத்துக்கிடுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. என் அட்டையைக் கொடுத்தார். அவனுடையதை மேஜைக்குள் வைத்து, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். மயக்கம் வந்து எவன் காலிலாவது ஏற்றினால் யார் பதில் சொல்வது என்றார். அதில் நியாயம் இருந்தது, அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. சத்தம் போட்டேன். அவன்தான் என்னை வெளியே இழுத்து வந்தான்.

உண்மையைச் சொல்கிறேன். சீட்டில் ஏறி சாவியைத் திருப்பியபோது எனக்கு அவன் ஞாபகம் இல்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் ஒருவன் குனிந்து வண்டி இழுத்துக்கொண்டு போனான். பழக்கத்தில் ஹார்ன் அடித்துவிட்டேன். ஒதுங்கியவன் அவன்.

மத்தியானம் அவன் சோற்று வரிசையில் நின்றான். தட்டில் கோபுரமாக வாங்கி, மேலே சாம்பாரை ஊற்றி, என் எதிரில் வந்து உட்கார்ந்தான். பிசைந்தான். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு இவனை என்னவென்று திட்டுவது?

இரண்டு வாய் தின்றான். நிறுத்தினான்.

"ஏம்வே, வாயில என்ன கொழுக்கட்டையா? கண்ணு தெரியலியா, நா என்ன திங்கேன்னு?"

"தெரியுது."

"அப்ப திட்டும். சீட்டு கிடைச்சதும் துரைக்கு எங்களயெல்லாம் திட்டக்கூட மனசு இல்லியோ?"

திட்டினேன். அவன் ஊர், அவன் தின்னும் லட்சணம், நூற்று ஐம்பத்திரண்டு, எதையும் விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பாதி சோற்றை ஓரமாக ஒதுக்கி, என் தட்டிலிருந்த பீன்ஸ் பொரியலை முழுசாக அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டான். எனக்கு மோர்தான் மிஞ்சியது.

அடுத்த மாதமும் அவனுக்குப் பர்மிட் கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் கிடைத்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் அவனைப் பேசிய பேச்சை வேறு யாரிடம் பேசியிருந்தாலும் போலீஸ் வந்திருக்கும்.