நண்டின் இரத்தத்தில் ஒரு பாலம்

கோட்டுச்சேரியில் அண்ணன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாயிற்று. வீடே கலகலவென்று இருந்தது. ஆரோக்கியசெல்விக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

"வந்ததுலேருந்து பாக்குறேன், பேயறைஞ்ச மாதிரி இருக்கே. ஒடம்புக்கு முடியலையாடி?" என்றாள் அம்மா அற்புதம்.

"ஒண்ணுமில்லம்மா. மெட்ராஸ்லேருந்து ஒரு ஃபோன் வரணும்."

அது 1984. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் செல்வி. நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்துக்கு என்ன உருவம் என்பதுதான் அவள் தேடியது. ஊருக்குப் பக்கத்துக் கருக்களாச்சேரிக் கடற்கரையில் உயிர் நண்டு வாங்கிக்கொண்டு போவாள். நுண்ணோக்கியில் அந்தப் புரதம் வெறும் மங்கல் புள்ளி. ஆயிரக்கணக்கான மங்கல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் உருவம் துலங்கும். பொருத்துவதற்கு முதலில் ஒரு மாதிரிப் படத்தைக் கொடுக்க வேண்டும். கணிப்பொறி மற்றவற்றை அதற்கேற்பத் திருப்பி அடுக்கும்.

அப்படிக் கிடைத்ததை அட்டையில் அடுக்கடுக்காக வெட்டி ஒட்டியபோது இரண்டு உருண்டைகள் தெரிந்தன. நடுவே அவற்றை இணைக்கும் ஒரு பாலம். யாரும் அதுவரை பார்த்திராத பாலம்! அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இளையபெருமாள் அதை வெளிநாட்டு மாநாட்டில் அறிவிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வருவதற்கு முன் செல்விக்கு ஒரு சந்தேகம் தட்டியது. புரதமே இல்லாத, மணல் இறைத்தது போன்ற வெற்றுப் புள்ளிகள் மட்டுமே நிறைந்த படங்களை அதே மாதிரிப் படத்தோடு கணிப்பொறிக்குக் கொடுத்துப் பார்த்தாள். அதிலும் பாலம் வந்து நின்றது. கணிப்பொறிப் பிரிவிலிருந்த பூமிநாதனைக் கெஞ்சி, நண்டுப் படங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, வெவ்வேறு மாதிரிகளில் தொடங்கித் தனித்தனியே அடுக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். இரண்டு பாதியிலும் பாலம் தெரிந்தால்தான் நம்பலாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கடைத்தெரு நூகு பாய் ஆள் அனுப்பினார். அவர் கடையில்தான் ஃபோன். செல்வி ஓடினாள்.

"மேடம், உருண்டை ரெண்டும் ரெண்டு பாதியிலயும் ஒரே அச்சா வருதுங்க," என்றான் பூமிநாதன்.

"பாலம்?"

"ஒண்ணுல இருக்கு. இன்னொண்ணுல இல்லீங்க."

பேசாமல் இருந்துவிடலாம். பேராசிரியர் விமானம் ஏறிவிடுவார், யாருக்கும் தெரியாது. சொன்னால் பட்டம் என்னாகும்? அங்கிருந்தே அவர் வீட்டுக்கு வெளியூர் டிரங்க் கால் பதிவு செய்தாள். அது கிடைப்பதற்குள் உயிர் போய்வந்தது.

"என்னம்மா சொல்றே? நாளன்னைக்கு எனக்கு ஃப்ளைட்டு!"

"தெரியும் சார். அந்தப் பாலம் நாம குடுத்த மாதிரிப் படத்துலேருந்தே வந்துருக்கு. வெத்துப் படத்துலயும் அதேதான் வருது."

"என்னைக் கேக்காம யாரு உன்னைச் சோதிக்கச் சொன்னது?"

லைன் அறுந்ததோ, அவரே வைத்துவிட்டாரோ தெரியவில்லை. மறுநாள் மாதா கோயிலில் சாமியார் தாலியை மந்திரித்துக்கொண்டிருக்க, செல்வியின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

சென்னை திரும்பியவள் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மேசைமேல் அட்டை உருவம் இருந்தது. நடுவிலிருந்த பாலத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். பாலத்தைப் பற்றி மூச்சு விடாமல், உருண்டைகளை மட்டும் மாநாட்டில் காட்டிவிட்டு வந்தார் பேராசிரியர். பல மாதங்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதிதாக நண்டு வாங்கி, புதிதாகப் படமெடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. கடைசியில் இரண்டு பாதியிலும் ஒரு பாலம் தெரியத்தான் செய்தது. ஆனால் முன்பு கண்ட இடத்தில் இல்லை. உருண்டைகளின் ஓரத்தில், நூல் மாதிரி மெலிந்து கிடந்தது.