அக்கா பிடுங்கி வந்த கல்

எங்கள் வீட்டுப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. துணி துவைக்கிற கல். ஆனால் அது துவைப்பதற்காகக் கொத்திய கல் இல்லை. அகலம் போதாது. புடவையை மடித்து வைத்தால் இரண்டு பக்கமும் வழிந்து தரையில் விழும். அம்மா இருபது வருடத்துக்கு மேலாக அதில்தான் துவைத்தாள், இருபது வருடத்துக்கு மேலாக அதைத் திட்டவும் செய்தாள். ஒரு முனையில் அம்புக்குறி மாதிரி ஒரு வெட்டு இருக்கும். சோப்பு நுரை அதில் தங்கி வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். அது சர்வேக்காரர்கள் நட்ட எல்லைக்கல். எங்கள் வயலின் வடகிழக்கு மூலையில் நின்றது. அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் அக்கா.

போன மாதக் கடைசியில் சிமெண்ட் ஆலை ஆபீசில் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். கல் நொறுக்கும் பழைய கிரஷரை மூடுகிறார்கள். வடக்கே ராஜஸ்தானில் ஒரு சின்ன ஊரில் இவர்களுக்கு இன்னொரு ஆலை இருக்கிறது. அங்கே போக வேண்டும். பத்து நாளில் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நானாகவே வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். அந்த ஊரின் பெயர் இன்னும் எனக்கு வாயில் நுழையவில்லை. கடிதம் கொடுத்த ஆளுக்கு என் மகனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "நல்ல வாய்ப்பு சார்" என்று சிரித்தான். சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்து என்ன ஆகப்போகிறது என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வேலை படித்து வாங்கிய வேலை இல்லை. நிலம் கொடுத்து வாங்கியது. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிற இடத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். வயலுக்கு அடியில் கல் இருந்தால் ஆலைக்காரன் வருவான். நிலத்தைக் கொடுத்தால் விலையோடு வீட்டுக்கு ஒரு வேலை. நிலத்து வேலை என்றே அதைச் சொல்வோம். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பன்னிரண்டாவது முடித்து, டவுனில் டைப்ரைட்டிங் பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தாள். நான் பன்னிரண்டாவதில் கோட்டை விட்டுவிட்டுச் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வயலில் உழைத்தவளும் அவள்தான். மழை பெய்தால் காலை விடாத கரிசல் மண் அது. பருத்தி வெடிக்கிற நாட்களில் மடியைக் கட்டிக்கொண்டு விடிகாலையில் இறங்குவாள். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, டைப்ரைட்டிங் கிளாசுக்குப் பஸ் ஏறுவாள். விரலெல்லாம் பருத்திக்காய் ஓடு கிழித்த கோடு இருக்கும். அந்த விரலால்தான் டைப் அடித்தாள்.

நிலம் கொடுப்பதைப் பேச மூன்று பேரும் போனபோது, ஆலை ஆபீசில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "வேலை யார் பேருக்கு எழுதணும்?" என்று கேட்டார். ஆபீசிலும் ஆள் எடுக்கிறார்கள், டைப் தெரிந்தவர்கள் வேண்டும் என்று அவரேதான் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தார். அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பையன் பேருக்குங்க" என்றார். அவ்வளவுதான். வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு நடக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வயது, தெரியாது என்று இப்போது சொல்வது பொய். தெரிந்தது. வேலை எனக்கு வேண்டியிருந்தது.

பூர்வீகச் சொத்து, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் பங்கு இருக்கிறது, அவள் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொன்னதும்தான் எல்லோருக்கும் அவள் ஞாபகம் வந்தது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். எழுத்தர் பத்திரத்தை ஒரே மூச்சில் வாசித்தார். "சுயநினைவுடனும், முழுச் சம்மதத்துடனும், எவருடைய வற்புறுத்தலும் இன்றி" என்று வந்தபோது அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"சார், வற்புறுத்தல் இருந்தா அத எந்த எடத்துல எழுதணும்?"

எழுத்தர் சிரித்துவிட்டார். அப்பா முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அக்கா பேனாவை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக, அச்சடித்த மாதிரி கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "டேய், வேல ஒன்னுது. நெலம் என்னுது. என்னைக்காவது வேலய வுட்டன்னு வையி, என் நெலத்த எடுத்துக் குடுத்துட்டுத்தான் வுடணும்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேலை உத்தரவு வந்தபோது வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவளும் அவள்தான். இங்கிலீஷில் இருந்தது. அப்பா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே வைக்கப் போனார். அக்கா பிடுங்கி முழுதாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தியாவுல எங்க வேணும்னாலும் மாத்துவோம்னு போட்டிருக்கு" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கல்லு இங்க கெடக்கு. சுண்ணாம்புக்கல்லத் தூக்கிட்டா போவான்? கல்லு இருக்கிற வரைக்கும் பேக்டரி, பேக்டரி இருக்கிற வரைக்கும் வேல." ஊரில் நிலம் கொடுத்த எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நிலத்துக்குப் பதிலாக வந்த வேலை நிலம் மாதிரியே ஒரே இடத்தில் கிடக்கும் என்று நம்பினார்கள். கல்லைத் தூக்கிப் போக வேண்டியதில்லை, ஆளைத் தூக்கினால் போதும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. புது முதலாளியின் மற்ற ஆலைகள் எல்லாம் வடக்கே. அப்பா அதைப் பார்ப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கொடுத்து வைத்தவர்.

வயலில் பொக்லைன் இறங்குவதற்கு முதல் நாள் மத்தியானம் அக்கா கடப்பாரையோடு போனாள். சைக்கிள் கேரியரில் அந்தக் கல்லைக் கயிறு போட்டுக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். வழியில் தலையாரி மறித்து, "சர்வே கல்லப் புடுங்கறது குத்தம்மா" என்றாராம். "நெலமே போயிட்டு. இனிமே இது எந்த எல்லைக்கு நிக்கிது?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு வந்துவிட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கிப் போட்டுவிட்டு, "தொவைக்க ஆவும்" என்றாள். அடுத்த தையில் அவளை ஆண்டிமடத்தில் கட்டிக் கொடுத்தோம்.

நான் கிரஷரில் வேலைக்குச் சேர்ந்தேன். டம்பர் லாரிகள் கல்லைக் கொண்டுவந்து கிரஷரின் வாய்க்குள் கொட்டும், அது நொறுக்கும். ஒரு நாள் வந்த லோடில் கல்லோடு கரிசல் மண்ணும் பருத்திக் கட்டையும் கிடந்தன. டிரைவரிடம் எந்தப் பக்கத்து லோடு என்று கேட்டேன். அவன் சொன்ன இடம் எங்கள் வயல். பொத்தானை அழுத்துவது என் வேலை. அழுத்தினேன். வயல் இருந்த இடம் இப்போது பெரிய பள்ளம். மழைக்குத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக நிற்கிறது. காலேஜ் பிள்ளைகள் சின்னச் சுத்தியலோடு வந்து, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று கல்லில் ஒட்டிய சிப்பியைத் தட்டி எடுத்துப் போகிறார்கள். கடல் இருந்ததற்கு அடையாளம் இருக்கிறது. எங்கள் வயல் இருந்ததற்கு ஒன்றும் இல்லை.

கடிதம் வந்த பிறகு, இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே அந்த ஊருக்குப் போன ஜெயங்கொண்டத்துப் பையனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, கல்லு அதே கல்லுதான். மத்தது ஒண்ணும் இல்ல" என்றான். "சோத்துக்கு அலையுறேன். கடக்காரன் மதராசின்னுதான் கூப்புடுறான். என் பேர ஒருத்தன் கேக்கலண்ணே." எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆலையில் மூட்டை ஏற்றுகிற வடக்கத்திப் பையன்களை இத்தனை வருடமாக 'ஏய் பையா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஒருவன் பெயரும் எனக்குத் தெரியாது.

போகாமல் இருக்க முடியுமா என்று எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயது. கிரஷர் ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. பக்கத்து ஆலைகளில் எல்லாம் கான்ட்ராக்ட் ஆள்கள். ஓட்டுவதற்கு ஒரு குழி நிலம் இல்லை. மனைவி எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அதை விட்டுவிட்டு என்னோடு வரச் சொல்ல எனக்கு வாய் வராது. என் அக்காவுக்குச் செய்தது போதும். அம்மாவுக்குக் கால் வீங்கி, தொட்டி வரைக்கும்தான் நடை. பகலெல்லாம் வீட்டில் அவளோடு இருக்க ஆள் இல்லை. மகன் காலேஜில் முதல் வருடம்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் போனேன். இது முந்திரி சீசன். அக்கா வீட்டு வாசலில் பழம் குவிந்து கிடந்தது. புளித்த வாடை. அவள் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. கடிதத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். இப்போதும் முழுதாகத்தான் படித்தாள்.

"பேசாம வுட்டுடலாம்னு பாக்குறேன்க்கா" என்றேன்.

"வுடு. வுட்டுட்டு என் நெலத்த எடுத்துக் குடு."

அவள் மறக்கவில்லை. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. மறுபடி கொட்டையைத் திருக ஆரம்பித்தாள்.

"அப்ப போவச் சொல்றியா?"

"நான் எங்கடா சொன்னன்?" என்றாள். "போன்னு சொன்னா, அங்க கெடந்து சீரழியறதுக்கு அக்காதான் காரணம்ப. போவாதன்னு சொன்னா, வேல போனதுக்கு அக்காதான் காரணம்ப. அன்னைக்கி என்னைய யாராவது கேட்டிங்களா? கையெழுத்துதான கேட்டிங்க? இன்னைக்கி மட்டும் எதுக்கு வந்து நிக்கிற?"

அவள் சொன்னது சரி. நான் யோசனை கேட்கப் போகவில்லை. பழியைப் போட ஒரு ஆள் தேடித்தான் பஸ் ஏறியிருக்கிறேன். அதை அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கிளம்பும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"போறதா இருந்தா அம்மாவ இங்க கொண்டாந்து வுடு. ஒனக்காவ இல்ல, அது எனக்கும் அம்மாதான். வரும்போது என் கல்லையும் கொண்டா."

திங்கட்கிழமை ஆபீசில் சம்மதக் கடிதம் தயாராக அச்சடித்து வைத்திருந்தார்கள். தமிழிலும் போட்டிருந்தார்கள். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுச் சம்மதத்துடன்' என்று இருந்தது. வற்புறுத்தல் இருந்தால் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அக்காவுக்கு இருந்த தைரியம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் கல்லை எடுக்கக் கடப்பாரையோடு பின்புறம் போனேன். கல் அசையவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடம், ஆலையில் தொழிலாளிகளுக்குக் கொடுத்த முதல் சிமெண்ட் மூட்டையை நானே சைக்கிளில் கொண்டுவந்தேன். என்ன செய்யலாம் என்று பார்த்து, ஆடிக்கொண்டிருந்த இந்தக் கல்லுக்கு அடியில் கொட்டி, பூசி, தண்ணீர் ஊற்றி இறுக்கினேன். இனி ஜென்மத்துக்கும் அசையாது என்று அம்மாவிடம் பெருமை அடித்தேன். அதை உடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளங்கை கிழிந்தது. அம்மா தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாத்துடா, ஒடச்சிடாத. அவ திட்டுவா" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் கல் அடியில் ஒட்டிய சிமெண்ட் பாளத்தோடு பெயர்ந்து வந்தது. அது கிடந்த இடத்தில் ஒரு பள்ளம். சோப்புத் தண்ணீர் அதில் இறங்கித் தேங்கியது.

குட்டியானை வண்டி ஒன்றைப் பிடித்து, முன்னால் அம்மாவை உட்கார வைத்து, பின்னால் கல்லையும் அம்மாவின் டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஆண்டிமடம் போனேன். டிரைவரும் நானும் கல்லை இறக்கி வாசலில் முந்திரிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அக்கா முதலில் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். அப்புறம் வெளியே வந்து கல்லைச் சுற்றி நடந்தாள். குனிந்து, அம்புக்குறியில் காய்ந்திருந்த சோப்பை நகத்தால் சுரண்டினாள். அடியில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிப் பார்த்து, "இதயும் சேத்தா கொண்டாந்திருக்க?" என்றாள்.

"வர மாட்டேங்குதுக்கா. ஒட்டிக்கிட்டு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கறுத்துப்போன வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

"சரி, பேனாவக் குடு. வாங்கிக்கிட்டேன்னு எங்க கையெழுத்து போடணும்?"