முடிவைக் கேட்காமல் போன தேவசகாயம்

சனிக்கிழமை காலை. நம் வாசிப்புக் கூட்டத்தில் அடுத்து படிக்கப்போகும் புத்தகங்களின் பட்டியலை வேதக்கோயில் கதவில் ஒட்டுவதற்காக எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "டிம்பர்மேன் தேவசகாயம் போய்ட்டாரு டீச்சரம்மா, விடிகாலைல" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். நடந்துகொண்டிருந்த புத்தகத்தில் இன்னும் மூன்றே அதிகாரம் பாக்கி. "மூணு வாரம் பொறுக்கக்கூடாதா இந்த மனுஷன்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனத்திலும் அதுதான் ஓடியிருக்க வேண்டும்.

அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. எழுத்து வாசனை கிடையாது. கூட்டத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, நான் முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் எழுந்து நின்றார். "டீச்சரம்மா, கடைசில இன்னா ஆவுது? அத்த மொதல்ல சொல்லுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதையைக் கெடுக்காதீர்கள் என்று உட்கார வைத்தேன். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இருந்ததால் நான் தப்பித்தேன்.

புத்தகம் தேர்ந்தெடுக்கிற நாளில் அவர் ஒரு சட்டமே கொண்டுவந்தார். எந்தப் புத்தகமானாலும் அதன் கடைசி அதிகாரத்தை முதலில் எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் அது பட்டியலில் ஏறலாம். நான் விடவில்லை. அரைமணி நேரம் வாதாடினேன். நம் போதகர் ஐயரவர்களும் என் பக்கம்தான் இருந்தார். தேவசகாயம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கீழ எறங்குறவன் அத்தினி பேரும் மேல வருவான்னு எழுதிக் குடுங்க. அப்புறம் கடைசிய கடைசிலயே வச்சிக்கலாம்." சொன்னது அவருக்கே கனமாகப் பட்டிருக்க வேண்டும். உடனே சிரித்துக்கொண்டு ஐயர் பக்கம் திரும்பினார். "ஐயரே, பைபிள்ல கடைசில யாரு ஜெயிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியும். தெரிஞ்சிதானே வாராவாரம் வர்றோம்?" ஐயர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் தோற்றேன். அன்றிலிருந்து நம் கூட்டத்தில் முடிவுதான் முதலில்.

சென்ற ஆண்டு அவருக்கு இருமல் முற்றியது. இனிக் கீழே இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதம் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது, "இருக்கிறதுலயே தடியா ஒண்ணு எடுங்க" என்றார். ரங்கூனுக்குக் கப்பலேறிப் போன தம்பியின் கதை, நாற்பத்திரண்டு அதிகாரம். வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஏறக்குறைய ஒரு வருடம். அவ்வளவு நாள் அவர் தாங்குவாரா என்று எல்லாரும் மனத்துக்குள் கணக்குப் போட்டோம். சட்டப்படி நான் கடைசி அதிகாரத்தைத் திறந்தேன். அவர் எழுந்துவிட்டார். "எனக்கு வேணாம். அந்தச் சட்டம் கீழ எறங்குறவனுக்கு. நான்தான் எறங்குறதில்லியே. அடுத்த ஞாயித்துக்கெழம இன்னா ஆவுமோன்னு ஒரு ஆச இருக்கட்டும்." நான் படித்து முடிக்கும்வரை வெளியே நின்று ஐயருடைய குதிரையோடு பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாம் குடியிருக்கிற ஸ்கெலட்டன் லைன் முழுவதும் ஒரே ரகசியத்தைக் காத்தது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவர் தலை தெரிந்தால் பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். ஆனால் அவர் சும்மா இருந்தாரா? கதைக்காக மட்டும் கோயிலுக்கு வருகிற பக்கத்து வீட்டு முனுசாமிக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்துச் சீண்டுவார். "தம்பி வர்றானா இல்லியா? வாயத் தொறக்காத, தலைய மட்டும் ஆட்டு." முனுசாமி வெற்றிலையை மென்றுகொண்டே, "கழுத்து புடிச்சிக்கிச்சி, ஆட மாட்டேங்குது" என்பார். உண்மையாகவே யாராவது சொல்ல வந்தால், தேவசகாயம் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவார். அந்த வருடம் நாம் சிரித்த சிரிப்பு கொஞ்சமா?

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவரால் கோயிலுக்கு வர முடியவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன். முப்பத்தொன்பதாம் அதிகாரம். அவர் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு மனது கேட்கவில்லை. "அண்ணே, இன்னிக்கு கடைசியையே படிச்சிடட்டுங்களா?" என்றேன். "ஏன், என்னிய அனுப்பி வைக்க வந்தீங்களா?" என்று சிரித்தார், சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார். "வரிசயா வாங்க டீச்சரம்மா." படித்து முடித்ததும் அவராகவே சொன்னார்: "பாருங்க, அந்தத் தம்பி வந்துடுவான். அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குச் சரியா வந்து எறங்குவான். பந்தில ஒக்காந்து, கொழம்புல உப்பு இல்லன்னு சண்ட போடுவான்." என் மடியில் இருந்த புத்தகத்தில் தம்பி வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஒண்ணும் சொல்லாதீங்க" என்று கையமர்த்தினார்.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாக்கி மூன்று அதிகாரத்தையும் ஒன்றாகப் படிக்கப் புத்தகத்தைத் திறந்தேன். முன் வரிசையில் இருந்த அவர் மனைவி ரெபேக்காள் அக்கா எழுந்து, "அதுதான் எல்லாருக்கும் தெரியுமே. அவரு சொன்ன முடிவச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன். தம்பி வந்தான், பந்தியில் உட்கார்ந்தான், உப்பு இல்லை என்று சண்டை போட்டான். "அந்தக் கொழம்ப வச்சது யாரு?" என்று முனுசாமி கேட்டார். "வேற யாரு, நான்தான்!" என்றார் ரெபேக்காள் அக்கா. கோயிலே சிரித்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து, அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அச்சுக்குக் கீழே, தேவசகாயத்தின் முடிவைப் பென்சிலால் எழுதி வைத்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். புத்தகத்தில் கிறுக்குகிற பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றுகிறவள் நான். வேண்டுமானால் என்னையும் ஏற்றுங்கள், நிற்கிறேன். அந்த இரண்டு வரியை மட்டும் அழிக்கமாட்டேன்.