தேவகி எழுதிக் கொடுத்த மின்நிலையம்

சென்ற மாதம் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் தேவகியின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்த உடனே, "போடல, ஏசி இன்னும் போடல" என்றேன். ஓய்வு பெற்ற பிறகு அவர் தினமும் அந்த நேரத்துக்குத்தான் அழைப்பார். கேள்வியும் அது ஒன்றுதான். மறுமுனையில் வேறு குரல். "அங்கிள், நான் நித்யா பேசறேன். அம்மா போயிட்டாங்க" என்று அவருடைய மகள் சொன்னாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். கே.கே. நகரிலிருந்து ஆட்டோ பிடித்து அபிராமபுரத்தில் அவர் வீடு போய்ச் சேரும்வரை, அந்தப் பெண்ணிடம் நான் முதலில் சொன்ன பதில் என் வாயிலேயே கசந்துகொண்டிருந்தது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. மின்வாரியத் திட்ட அலுவலகத்தில் அவரும் நானும் எதிரெதிர் மேசை. இந்த வட்டாரத்துக்குப் பத்து வருஷம் கழித்து எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது என்று நான் சொல்ல வேண்டும். சண்டை போடாமல் ஒத்துப்போன நாள் குறைவு. கீழேயிருந்து வரும் கணக்கில் ஒவ்வொரு அதிகாரியும், நாளைக்குத் தன் தலை உருளக்கூடாதே என்று கொஞ்சம் கூட்டித்தான் அனுப்புவார். அடுத்தவர் அதன் மேல் கொஞ்சம் கூட்டுவார். எங்களிடம் வரும்போது அது உப்பிப் போயிருக்கும். தேவகி கணக்கோடு வந்தவரை உட்காரவைத்து, காபி வரவழைத்து, மெதுவாகக் கேட்பார்: "சார், இதுல தேவை எவ்ளோ, உங்க பயம் எவ்ளோ? பயத்தைக் கழிச்சிட்டுச் சொல்லுங்க." பெரிய பெரிய பொறியாளர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு உள்ளூரக் குஷியாக இருக்கும்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடலோரத்தில் பெரிய அனல்மின் நிலையம் ஒன்று வேண்டும் என்று நான் நின்றேன். பாதி போதும், மீதியைச் சேமிப்பில் எடுக்கலாம் என்று அவர் நின்றார். பழைய மின்விசிறிகளை மாற்றுவது, மொட்டைமாடிகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, தண்ணீர் ஏற்றும் மோட்டார்களை மாலையில் ஓட்டாமல் சூரிய மின்சாரம் கொட்டுகிற நடுப்பகலில் ஓட்டுவது. "மிச்சம் பிடிச்ச மின்சாரமும் ஒரு நிலையம்தான் சார். அதுல சாம்பல் கிடையாது. அதுக்காக எந்தக் குப்பத்தையும் காலி பண்ண வேணாம்" என்றார். "உங்க நிலையத்துக்குக் கதவும் கிடையாதே தேவகி, நான் எங்க போய் சுவிட்ச் போடறது?" என்று கேட்டேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஜெயித்தது அவர்தான். என் நிலையம் பாதியாகச் சுருங்கியது.

அதற்குப் பிறகு நடந்தது எங்களைப் போன்ற திட்டக்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு. சேமிப்பு வேலை வேறொரு துறைக்குப் போனது. மின்விசிறிகள் கிடங்கில் அட்டைப்பெட்டியோடு தூங்கின. வெள்ளைப் பூச்சு ஒரு பள்ளிக்கூட மாடியில் ரிப்பன் வெட்டியதோடு சரி. ஆனால் எங்கள் அலுவலகத்தின் வழக்கப்படி, இந்த வருஷம் செய்யப்போவதாக எழுதிய வேலை அடுத்த வருஷத் திட்டத்தில் செய்து முடித்ததாகத் தானாகவே ஏறிவிடும். யாரும் மாடியேறிப் பார்ப்பதில்லை. தேவகி விசாரித்தபோதெல்லாம், "நடக்குது மேடம்" என்றார்கள். எல்லோருடைய பயத்தையும் கழிக்கத் தெரிந்தவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.

ஒரு மே மாத மாலை. காற்று அடங்கிப் போய் காற்றாலைகள் நின்றுவிட்டன. வெயில் இறங்கியதும் சூரிய மின்சாரமும் போனது. அதே நேரம் பார்த்து ஊர் முழுக்க ஏசியைப் போட்டது. கட்டுப்பாட்டு அறையில் வேறு வழியில்லாமல் மின்சாரத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தினார்கள். தேவகி என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு குறைந்ததோ, ஏறக்குறைய அவ்வளவைத்தான் அவர் சேமிப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார். "கணக்குல இருக்கு சார். ஊர்ல இல்ல" என்றார். அந்தக் குரல் இப்போதும் என்னை விடுவதில்லை. அன்றைய நிறுத்தத்தில், ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீட்டில் படுத்திருந்த ஒரு பெரியம்மா மூச்சு முட்டி இறந்துபோனார். மறுநாள் லைன்மேன் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெரியம்மாவின் மகன் ரஹ்மத்துல்லா பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றார் தேவகி. நான் எவ்வளவோ தடுத்தேன். கேட்டால்தானே. துணைக்கு நானும் போனேன். வீட்டுக்குள் உட்கார்ந்ததும் தேவகி சுற்றி வளைக்கவில்லை. "இவ்ளோ மின்சாரம் மிச்சமாகும்னு எழுதிக் குடுத்தது நான்தான் பாய். ஆகுதான்னு போய்ப் பாக்கல. உங்க அம்மா போனதுக்கு நான்தான் காரணம்" என்றார். ரஹ்மத்துல்லா உள்ளே திரும்பி டீ கொண்டுவரச் சொன்னார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது தேவகி அந்த வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வெயில் போய் வெகுநேரமாகியும் அது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

ஓய்வு பெற்றதும், எழுதிக் கொடுத்த வெள்ளைப் பூச்சைத் தானே ஆள் வைத்து அடிக்கக் கிளம்பிவிட்டார் தேவகி. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பாக ஏறினார். முதலில் சுவரைத் தொடுவார், பிறகுதான் பேச்சு. மயிலாப்பூரில் ஒரு மாமி, "வடாம் காயப் போட்டிண்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு மாடியில பெயிண்ட் அடிக்கறேன்னு வந்து நிக்கறேளே" என்று விரட்டினார். "வடாம் காஞ்சதும் வரேன் மாமி, என்னிக்குன்னு சொல்லுங்க" என்ற தேவகி, சொன்ன கிழமைக்கு ஆளோடு போய் நின்றார். இந்த வயசில் முட்டி தேயப் படியேற வேண்டுமா என்று நான் கடிந்துகொண்டால், "எழுதிக் குடுத்துட்டேனே சார். கட்டி முடிக்கணும்ல" என்பார்.

ரஹ்மத்துல்லா வீட்டு மாடிக்குத்தான் முதல் பூச்சு. அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையிலும், பூச்சு உரிந்திருக்கிறதா பார்க்கப் போகிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். டீ வரும், நலம் விசாரிப்பு நடக்கும், பழைய பேச்சு மட்டும் வராது. சந்திலிருந்து வெளியே வந்ததும் தேவகி, "பாய் இன்னும் சொல்லல சார்" என்பார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்டதில்லை. அது எனக்குத் தெரியும்.

தேவகி இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தேவகியின் மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பெட்டி கொண்டுவந்தவர், "பிளக் பாயிண்ட் எங்க சார் கீது? லோடு தாங்குமா?" என்று கேட்டார். எந்த நேரத்தில் ஒரு சுவிட்சாவது குறைத்துப் போடுங்கள் என்று ஊரைக் கெஞ்சினாரோ, அந்த நேரத்திலேயே அவருக்காக ஒரு இயந்திரத்தை ஓட விட்டோம். நித்யா எழுந்து போய்க் கூடத்து ஏசியை நிறுத்தினாள். "இல்லன்னா அம்மா திட்டுவாங்க" என்றாள். வேர்த்து ஒழுக, அந்தப் பெட்டி உறுமுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். அவர் உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வருகிற மாதிரியே எனக்கு இருந்தது.

அப்போதுதான் ரஹ்மத்துல்லா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து போனேன். "அன்னிக்கு அவங்களே வந்து சொன்னாங்க, நான்தான் காரணம்னு. இல்லன்னு நான் சொல்லல சார்" என்றார். "அப்போ கோவம். அப்பால கோவம் போயிட்ச்சு, ஆனா வாய் வரல. அடுத்த வாட்டி வர்றப்ப சொல்லிக்கலாம், அடுத்த வாட்டி சொல்லிக்கலாம்னு தள்ளிக்கினே போய்ட்டேன்."

"இப்பவாவது சொல்லுங்க பாய்" என்றேன். பெட்டியருகே போய்க் கண்ணாடி மேல் குனிந்தார். "உங்க மேல தப்பு இல்லம்மா" என்றார். அவ்வளவுதான். நித்யா என்னைப் பார்த்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாலையானால் இப்போது நானும் என் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். ஏசி பக்கம் கை போவதில்லை. போன் மேசைமேல் கிடக்கிறது, தேவகியின் எண்ணை நான் அழிக்கவில்லை. அவருக்குச் சேரவேண்டிய ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அத்தனை கோடையும் படியேறிப் போய் அவர் காத்திருந்த அந்த வார்த்தையைக் காதால் கேட்டவன் நான். வெளிச்சம் போகிற நேரத்தில் இன்னொரு முறை அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், ஏசியைப் பற்றி ஒன்றும் பேசமாட்டேன். "சொல்லிட்டாரு, தேவகி" என்பேன்.